உதவாத அலைகள்

1912 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. காற்றலையில் ஒழுங்கு வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். கடற்படைக்குப் பல வருடங்களாகவே ஒரு புகார் இருந்தது. வீட்டு மாடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கம்பி கட்டி, தீப்பொறிக் கருவிகளை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக மோர்ஸ் அனுப்பும் பையன்கள் குறுக்கே குறுக்கே பேசுகிறார்கள் என்பது அந்தப் புகார். சட்டம் அவர்களைத் தடை செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான ஒன்றைச் செய்தது. 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளத்தில், 1 கிலோவாட்டுக்கு மேற்படாத மின்திறனில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

இதில் இருந்த கிண்டலைப் புரிந்துகொள்ள அக்கால அறிவியல் கொஞ்சம் தெரிய வேண்டும். அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்பதே அன்றைய நம்பிக்கை. சும்மா நம்பிக்கை அல்ல, சூத்திரமே இருந்தது. கடல்கடந்து பேசும் பெரிய நிலையங்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்தில், நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. 200 மீட்டர் என்பது ஈயம் வாரி முடித்த மணற்காடு மாதிரி. எதுவும் முளைக்காது. “அங்க போய் விளையாடுங்கப்பா” என்று ஒதுக்கிக் கொடுத்த இடம்.

அந்த மணற்காட்டில்தான் பிறகு உலகமே குடியேறியது. அது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் அது நடக்கவில்லை. ஒரு போட்டியில் நடந்தது.

போட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம் இலக்கியச் சூழலில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. பரிசுத்தொகை, நடுவர் குழு, முடிவு வந்ததும் முகநூலில் சண்டை. நானும் அப்படிச் சுளித்தவன்தான். ஆனால் அமெச்சூர் வானொலிக்காரர்களின் போட்டி வேறு ஜாதி. குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் எத்தனை நிலையங்களோடு, எத்தனை நாடுகளோடு தொடர்பு கொள்கிறார்கள் என்பதே கணக்கு. எதிராளி இன்னொரு மனிதன் என்று தோன்றும். உண்மையில் எதிராளி வானம்.

அமெரிக்க அமெச்சூர்களை ஒரு சங்கமாகத் திரட்டியவர் ஹைரம் பெர்சி மேக்சிம். மேக்சிம் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். அந்த இயந்திரத் துப்பாக்கி பிரிட்டிஷ் பேரரசுக்குச் செய்த வேலை நமக்குத் தெரியும். மகனும் துப்பாக்கித் துறையில் பெயர் பெற்றவர், ஆனால் அவர் கண்டுபிடித்தது துப்பாக்கியின் சத்தத்தை அடக்கும் கருவி. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் இருந்த அவருடைய நிலையத்தால் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டை எட்ட முடியவில்லை. இடையில் இருந்த ஓர் அமெச்சூர் செய்தியை வாங்கிக் கைமாற்றிக் கொடுத்தார். ஆளுக்கு ஆள் இப்படிக் கைமாற்றினால் நாடு முழுக்கப் போகலாமே என்ற யோசனையில் 1914இல் பிறந்தது அமெரிக்க வானொலி ரிலே லீக். பேரிலேயே ரிலே இருக்கிறது. 200 மீட்டரில் நெடுந்தூரம் போக முடியாது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

முதல் உலகப் போரில் அவர்கள் வாயை அடைத்தார்கள். 1919இல் மறுபடி அனுமதி. திரும்பி வந்தவர்களிடம் போர் தந்த ஒரு புதிய பொருள் இருந்தது: வெற்றிடக் குழாய், அதாவது வால்வு. இனி ரிலே தேவைதானா, அட்லாண்டிக்கையே தாண்டிப் பார்த்தால் என்ன என்ற பேச்சு கிளம்பியது. 1921 பிப்ரவரியில் முதல் சோதனை. அமெரிக்கர்கள் அனுப்பினார்கள், பிரிட்டிஷ் அமெச்சூர்கள் கேட்டார்கள். ஒன்றுமே கேட்கவில்லை. வானத்தின் மீது பழி போடலாம், கருவியின் மீதும் போடலாம். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ்காரர்களின் கருவிகள் மீது போட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது முயற்சி. இம்முறை லீக் தன் ஆள் ஒருவரையே கப்பலேற்றி அனுப்பியது. அவர் பெயர் பால் காட்லி. ஏற்பிக் கருவிகளில் அன்றைக்கு அமெரிக்க அமெச்சூர்கள் மதித்த நிபுணர். அக்விட்டானியா கப்பலில் இங்கிலாந்து போய், அங்கிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஆர்ட்ரோசன் என்ற சிற்றூருக்குப் போனார். கடற்பாசி ஒதுங்கும் கரையோர வயல் ஒன்றில் கூடாரம் அடித்தார். டிசம்பர் மாத ஸ்காட்லாந்து. மழை, காற்று, குளிர். கூடாரத்துக்குள் ஓர் எண்ணெய் அடுப்பு. வெளியே கம்பங்கள் நட்டு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் ஆயிரம் அடிக்கும் மேலான நீளத்தில் அமெரிக்காவை நோக்கிக் கட்டிய ஒற்றைக் கம்பி. பெவரேஜ் ஆன்டெனா என்று அதற்குப் பெயர். இந்தக் கம்பிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உயரமான கோபுரம் இல்லை, பிரம்மாண்டம் இல்லை. ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் கேட்டு மற்ற இரைச்சலையெல்லாம் காதில் வாங்காமல் விடுவது மட்டுமே அதன் திறமை.

போட்டியின் விதிகளைக் கவனிக்க வேண்டும். முன்தேர்வில் தரைவழியே நெடுந்தூரம் எட்டிக் காட்டிய அமெரிக்க நிலையங்களுக்கு இரவில் தனித்தனி நேரம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியக் குறியீட்டுச் சொல். கேட்பவருக்கு அது தெரியாது. கேட்டேன் என்று சொல்பவர் அந்தச் சொல்லையும் சொல்ல வேண்டும். காட்லியோடு கூடாரத்தில் மார்க்கோனி நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். 20 ஆண்டுகளுக்கு முன், 1901 டிசம்பரில், நியூஃபவுண்ட்லாந்தில் மோர்ஸ் ‘எஸ்’ எழுத்தின் மூன்று புள்ளிகளைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது அவர் காதும் அவர் உதவியாளர் காதும் தவிர வேறு சாட்சி இல்லை. இன்றுவரை அதைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குப் பையன்கள் அந்த விஷயத்தில் மார்க்கோனியைவிடக் கறாராக இருந்தார்கள். யார் ஏமாற்றுவார்கள், எப்படி ஏமாற்றுவார்கள் என்று முன்கூட்டியே யோசிப்பது போட்டியின் குணம். இங்கே அந்தச் சந்தேகபுத்திதான் ஆதாரமாக மாறியது.

டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் முதல் அமெரிக்க அமெச்சூர் சமிக்ஞை காட்லியின் காதில் விழுந்தது. அடுத்த சில இரவுகளில் இன்னும் பல. அதில் உச்சம், கனெக்டிகட்டின் கிரீனிச்சில் இருந்த 1பிசிஜி என்ற நிலையம். அமெரிக்க வானொலி கழகத்தைச் சேர்ந்த ஆறு பேர் சேர்ந்து இந்தப் போட்டிக்காகவே கட்டியது. அவர்களில் ஒருவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், பிற்பாடு எஃப்எம் ஒலிபரப்பைக் கண்டுபிடிக்கப் போகிறவர். 230 மீட்டர் வாக்கில், 1 கிலோவாட்டுக்கும் குறைவான திறனில், அந்த நிலையம் ஒரு முழுச் செய்தியையே அனுப்பியது. காட்லிக்கு வாழ்த்துச் சொல்லி, ஆறு பேரின் பெயரும் போட்ட செய்தி. ஓர் எழுத்து இரண்டெழுத்து அல்ல, முழுச் செய்தி. காட்லி மட்டுமல்ல, பிரிட்டிஷ் அமெச்சூர்கள் சிலரும் இம்முறை அமெரிக்காவைக் கேட்டுவிட்டார்கள். கருவி மீது போட்ட பழி கொஞ்சம் அநியாயம்தான்.

இந்த 1921 நமக்கும் ஓர் ஆண்டுக்கணக்கு. ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ.எல். பெர்ச் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தது அந்த ஆண்டில்தான் என்று மலேசிய ஒலிபரப்பு வரலாறுகள் சொல்கின்றன. அவர் தொடங்கிய ஜொகூர் வானொலிச் சங்கம் 300 மீட்டரில் ஒலிபரப்பியது. இங்கேயும் ஆரம்பித்தவர்கள் ஆர்வக் கோளாறுகள்தான்.

ஆர்ட்ரோசன் முடிவுகள் இன்னொரு விஷயத்தையும் தீர்த்து வைத்தன. தீப்பொறிக் கருவியா, வால்வா என்று அமெச்சூர்களுக்குள் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. தீப்பொறிக்காரர்களுக்குத் தங்கள் கருவியின் சத்தமே ஒரு பெருமை. ஆனால் கடல் தாண்டிக் கேட்ட பட்டியலில் வால்வுக்காரர்களே அதிகம், அதுவும் குறைந்த மின்சாரத்தில். பட்டியல் அச்சாகி வந்ததும் வாக்குவாதம் ஓய்ந்தது. சில வருடங்களில் தீப்பொறி செத்தே போனது.

அப்புறம் வேகம் பிடித்தது. 200 மீட்டரே போகிறது என்றால் இன்னும் கீழே போனால்? 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலோய், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோருடன் சுமார் 110 மீட்டரில் இருவழித் தொடர்பு கொண்டார். இனி ஒருவர் கேட்க இன்னொருவர் பேசுவது இல்லை, உரையாடல். 1924 அக்டோபர் 18ஆம் தேதி, நியூசிலாந்தின் தென்தீவில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் இருந்த ஃபிராங்க் பெல்லும், லண்டன் மில் ஹில் பள்ளியின் 18 வயது மாணவன் செசில் கொய்டரும் பேசிக்கொண்டார்கள். பூமியில் அதற்கு மேல் தூரம் கிடையாது. ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டியதுதான். ஃபிராங்க் சிறிது காலத்தில் பண்ணை வேலைக்குத் திரும்பிவிட, அவருடைய அக்கா பிரெண்டா பெல் நிலையத்தை எடுத்து நடத்தினார். நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர் அவர். 1927இல் அந்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவை முதலில் எட்டியதும் அவரே. தம்பிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எப்படிப் போனது? ஒளியைப் போல நேராகப் போகும் அலை, உருண்டையான பூமியின் அடுத்த பக்கத்துக்கு எப்படி வளைந்து போகும்? 1902இலேயே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், மேலே மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருக்க வேண்டும், அது கூரை போல அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று தனித்தனியே சொல்லியிருந்தார்கள். யாரும் நேரடியாகக் காட்டவில்லை. கொய்டரும் பெல்லும் பேசி இரண்டு மாதம்கூட ஆகாத 1924 டிசம்பர் 11 அன்றுதான், போர்ன்மத்தில் இருந்த பிபிசி நிலையத்தை நள்ளிரவுக்குப் பிறகு கடன் வாங்கி, ஆக்ஸ்ஃபர்டில் ஏற்பியை வைத்து, எட்வர்ட் ஆப்பிள்டன் அந்தக் கூரையின் உயரத்தை அளந்தார். அதற்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார். கூரை இருக்கிறது என்று அமெச்சூர்களின் பதிவேடுகள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தன. பக்கத்து மாநிலத்துக்குக் கேட்காத சமிக்ஞை ஆயிரம் மைலுக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும் விசித்திரத்தை, அதாவது அலை நடுவில் தாவிச் செல்லும் தூரத்தை, கடற்படை ஆய்வுக்கூடத்தின் டெய்லரும் ஹல்பர்ட்டும் ஆராய்ந்தபோது இந்தப் பதிவேடுகளும் கைகொடுத்தன.

இப்போது அதை அயனமண்டலம் என்கிறோம். ஒரே கூரை அல்ல, அடுக்கு அடுக்காக இருக்கிறது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ‘டி’ அடுக்கு பகலில் மட்டும் உயிரோடு இருந்து நீண்ட அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் அது கரைந்துவிடும். அதற்கும் மேலே, 150 கிலோமீட்டருக்கு அப்பால் தொடங்கும் ‘எஃப்’ அடுக்குதான் நெடுந்தூரத்துக்கு வழி. இதையெல்லாம் உண்டாக்குவது சூரியனின் புற ஊதாக்கதிர். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும்போது கூரையும் தடித்து மெலியும். காட்லியின் கூடாரம் எழுந்தது சூரியன் அடங்கிக்கொண்டிருந்த காலத்தில், குளிர்காலத்தில், நள்ளிரவுக்குப் பின். 200 மீட்டருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர்களுக்கு அது முழுதாகத் தெரியாது. வானம் அவர்களிடம் கொஞ்சம் கருணையாகவே நடந்துகொண்டது.

மணற்காட்டில் ஈயத்தைவிட விலைமதிப்பான ஒன்று கிடக்கிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும்? வேலி வரும். பெரும் செலவில் நெட்டலை நிலையங்களைச் சங்கிலியாகக் கட்டிப் பேரரசை இணைக்க நினைத்த பிரிட்டன், மார்க்கோனியின் பேச்சைக் கேட்டுச் சிற்றலைக்கு மாறியது. 1926, 27இல் கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா எல்லாம் சிற்றலைக் கற்றைகளால் லண்டனோடு கட்டப்பட்டன. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அமெச்சூர்களுக்கு 160, 80, 40, 20, 10 மீட்டர் என்று சில ஒடுக்கமான கீற்றுகளை மட்டும் விட்டுவைத்தது. கண்டுபிடித்தவர்களுக்குக் கீற்று, மற்றவர்களுக்கு வயல். அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே 1927இல் ரிலே லீக் முதல் சர்வதேசப் போட்டியை நடத்தியது. இன்று நடக்கும் போட்டிகளுக்கெல்லாம் அதுவே தாய்.

வேலிக்குள் போன சிற்றலை நம் பக்கம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 1932 டிசம்பரில் பிபிசி தன் பேரரசுச் சேவையைச் சிற்றலையில் தொடங்கியது. மலாயாவின் துரைமார்களுக்கு லண்டன் குரல் கேட்பதற்காக. பத்தே ஆண்டுகளில் அதே அலை வேறு கைகளுக்குப் போனது. ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை கேட்பது குற்றம். வானொலிப் பெட்டிகளில் அந்தப் பகுதியையே செயலிழக்க வைத்தார்கள். அப்போது பேராவின் பாப்பான் ஊரில், தாதி சிபில் கார்த்திகேசுவும் அவருடைய தமிழ்க் கணவரான டாக்டர் கார்த்திகேசுவும் ஜப்பானியரை எதிர்த்துப் போராடியவர்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார்கள். மறைத்து வைத்த வானொலியில் பிபிசி செய்தியும் கேட்டார்கள். 1943இல் பிடிபட்ட சிபில் அனுபவித்த சித்திரவதையை மலேசியாவில் பலர் படித்திருப்பீர்கள். அந்தக் காயங்களாலேயே 1948இல் இறந்தார். அதே 1943 அக்டோபர் 10ஆம் தேதி சிங்கப்பூர் சாங்கி சிறையில் கெம்பெய்தாய் புகுந்தபோதும் அவர்கள் தேடியவற்றில் ரகசிய வானொலி ஒன்று. 57 பேர் வதைக்கப்பட்டு 15 பேர் இறந்தார்கள். எதற்கும் உதவாது என்று 1912இல் தள்ளிவிட்ட அலை, 30 ஆண்டுகளில் உயிரைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அலையாகிவிட்டது.

இதே சிங்கப்பூரில் இன்னொரு சம்பவம். 1942இல் நகரம் விழுந்ததும் ஜப்பானியர் கைப்பற்றியவற்றில் ஒரு பிரிட்டிஷ் ரேடார்க்காரரின் குறிப்பேடு இருந்தது. அதில் ‘யாகி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஜப்பானிய அதிகாரிகளுக்குப் புரியவில்லை. போர்க்கைதியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அது ஓர் ஆன்டெனாவின் பெயர், கண்டுபிடித்த உங்கள் ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1926இல் செண்டாயில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் உருவாக்கியது. உழைப்பில் பெரும்பகுதி உடாவுடையது, பேர் யாகிக்கு. அந்தக் காலத்து ஓட்டுக்கூரை மேல் மீன்முள் மாதிரி நின்ற தொலைக்காட்சி ஆன்டெனா நினைவிருக்கிறதா? அதுதான். இன்றைய போட்டி நிலையங்களின் கோபுர உச்சியில் சுற்றுவதும் அதே மீன்முள், அளவில் மட்டும் ஒரு லாரி நீளம்.

ஜொகூரில் ஒரு நண்பரின் தாமான் வீட்டில் அப்படியொரு போட்டியை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உலகின் மிகப் பெரிய அமெச்சூர் போட்டிகளில் ஒன்று அது, 1948 முதல் நடப்பது. அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் குரலுக்கு, நவம்பர் கடைசியில் மோர்ஸுக்கு. 48 மணி நேரம். கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு என்பதால் நமக்குச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பித்துத் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முடியும். அவரிடம் கோபுரம் கிடையாது. 100 வாட் பெட்டி ஒன்று, கூரைமேல் சின்ன மீன்முள் ஒன்று, பின்பக்க ரம்புத்தான் மரத்துக்கு இழுத்த கம்பி ஒன்று, பதிவு செய்ய மடிக்கணினி. அவ்வளவுதான்.

“ஐம்பத்தொன்பது, இருபத்தெட்டு” என்று ஆங்கிலத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 59 என்றால் உன் சமிக்ஞை மிகத் தெளிவு, மிக வலுவு. 28 என்பது நம் மண்டல எண். உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அடுத்த முனையில் இருந்தவரின் குரல் கொசு மாதிரி இருந்தது. அழைப்புக்குறியையே மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

“அண்ணே, காதுலயே விழல, அதுக்குப் போய் அம்பத்தொம்பதா?”

“எல்லாருக்கும் அம்பத்தொம்பதுதான் தம்பி. அளந்து சொல்லிட்டிருந்தா நேரம் போயிரும்.”

ரகசியக் குறியீட்டோடு தொடங்கிய மரபு இங்கே வந்து நிற்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் புள்ளிக் கணக்கைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. சொந்த நாட்டோடு பேசினால் புள்ளி இல்லை. அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு 1, வேறு கண்டத்துக்கு 3. ஜொகூர் பாரு, சிங்கப்பூரோடு பேசினால் 1. ஆனால் கூச்சிங்கோடு பேசினால் 3. வானொலிக் கணக்கில் தீபகற்பம் ஆசியா, சரவாக்கும் சபாவும் ஓசியானியா, தனி நாடு மாதிரி. 9எம்2 என்று தொடங்கினால் தீபகற்பம், 9எம்6 சபா, 9எம்8 சரவாக். 1963இல் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி இந்தப் போட்டிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நம் வானத்துக்கும் தனிக் குணம் உண்டு. காந்த நிலநடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென்தாய்லாந்து வழியாகப் போகிறது. அதே கோட்டருகில் இருப்பதால்தான் கேரளத்தின் தும்பாவை இந்தியா 1963இல் ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தது. இந்தக் கோட்டுக்கு மேலே எலக்ட்ரான்கள் நீரூற்றுப் போல எழும்பி இருபக்கமும் வழிந்து, வடக்கிலும் தெற்கிலும் இரண்டு அடர்ந்த மேடுகளாக நிற்கின்றன. சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் அவை கலைவதில்லை. அதனால் வேறு எங்கும் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விடும் மிகச் சிறிய அலைகள்கூட, ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே நிலநடுக்கோட்டைத் தாண்டிக் குதிக்கும். நமக்குக் காலையில் 10 மீட்டரில் அமெரிக்கா, சாயங்காலம் ஐரோப்பா. இரவானால் 40, 80 மீட்டருக்கு இறங்க வேண்டும். அங்கேதான் கஷ்டம். சுமத்திரா பக்கம் இடி இடித்தாலே காதில் பொரிகடலை வறுக்கும். அன்றும் சாயங்காலம் மழை வந்தது. மின்னலுக்குப் பயந்து எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடித்தோம். ஐரோப்பா திறந்திருந்த இரண்டு மணி நேரம் அப்படியே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கிறுக்குத்தனத்தால் இன்றைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தது. பட்டப்பகலில் சில நிமிடம் இரவு வந்தால் அயனமண்டலம் என்ன செய்யும்? அளப்பதற்கு ஒரே சமயத்தில், நாடு முழுக்க, எல்லா அலைவரிசையிலும் ஆயிரக்கணக்கான சமிக்ஞைகள் வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்திடமும் அது கிடையாது. ஹாம்சை என்ற அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள் யோசித்து, கிரகண நாளுக்கென்றே ஒரு போட்டியை அறிவித்தார்கள். புள்ளிகள், விதிகள் எல்லாம் முறைப்படி. அமெச்சூர்கள் வழக்கம்போல் கத்தித் தீர்த்தார்கள். தானியங்கி ஏற்பிகள் யார் யாரை எங்கே கேட்டது என்று பதிந்துகொண்டே இருந்தன. நிழல் கடந்தபோது பகல் அலையான 20 மீட்டரில் தொடர்புகள் அருகின. இரவு அலைகளான 40, 80 மீட்டர் நண்பகலில் விழித்துக்கொண்டு தூரம் போயின. அடுத்த ஆண்டு அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

அடுத்த அக்டோபர் கடைசி முழு வார இறுதியின் சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சாதாரணச் சிற்றலைப் பெட்டி போதாது, எஸ்எஸ்பி வசதி உள்ளதாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வாத்துப் போலப் பேசுவார்கள். 21,200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். 9எம்2 என்று தொடங்கும் ஒருவர், மழை இல்லையென்றால், எல்லோருக்கும் 59 கொடுத்துக்கொண்டிருப்பார்.